வகுப்புக்கு மாத்தாள் போன அம்மா எழுதுவது

செல்வி கண்ணு,

நேற்றுச் சாயங்காலம் நீ வாசலில் உட்கார்ந்து களைக்கொத்தைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமை காலை நாமக்கல்லில், குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் வயர்மேன் வேலைக்குச் சேர வேண்டியவள் நீ. எடுத்துப் போகவேண்டிய பை ஆணியில் காலியாகத் தொங்கியது. பிரியா உன் பக்கத்தில் வந்து நின்று, "துணியெல்லாம் மடிச்சு வெக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். நீ கொத்தின் முனையைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்கலாம் கண்ணு" என்றாய். உன் வாயில் 'பாக்கலாம்' என்று வந்துவிட்டால் அந்தக் காரியம் நடக்காது என்று பெற்றவளுக்குத் தெரியாதா. சின்ன வயதில் கஞ்சி வேண்டாம் என்பதையும் நீ அப்படித்தான் சொல்வாய்.

சாப்பிடும்போது நான் மெதுவாகக் கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "சின்னப்பொண்ணு அத்தையும் அவங்க கூட்டாளிங்க ரெண்டு பேரும் நான் படிக்கப்போன காலமெல்லாம் நம்ம காட்டுல குனிஞ்சு களையெடுத்துக் குடுத்தாங்க. நான் திருப்பிப் போகவேயில்லை. இப்ப அவங்க ராகிக்காட்டுல களை முட்டிக்கு நிக்குது. இந்த நேரம் பாத்து நான் பஸ் ஏறிப் போனா அவங்க மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்? களை முடிஞ்சு வாரேன்னு கம்பெனியில சொல்லிப் பாக்கறேன்." கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உனக்கும் தெரியும். ஆள் உடனே வேண்டும், திங்கட்கிழமை வராவிட்டால் அடுத்து இருக்கிறவரைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ, "சும்மா இரும்மா" என்று கையைக் கழுவப் போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் எழுந்து போக முடியாது, பாதியில் விட்டாலும் மீதி காகிதத்திலேயே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் உன் வகுப்பில் வந்து உட்கார்ந்த கதையை எழுதித் தாருங்கள், எங்கள் பயிற்சி நிலையத்து மலரில் போடுகிறோம் என்று உன் வாத்தியாரம்மா என்னிடம் கேட்டிருந்தார். அவருக்கென்று தனியாக எழுதினால் எனக்குக் கை ஓடவில்லை. ஐந்தாவதோடு நின்ற எழுத்து, தெரிந்த முகத்தைப் பார்த்தால்தான் அசைகிறது. உனக்கு எழுதுகிற இதையே பிரியா பார்த்து எழுதி அவருக்கும் ஒன்று கொடுக்கட்டும். நம்மைப் பற்றி நாலு பேர் படித்தால் என்ன குறைந்துவிடும். மில்லு மூடியோ, ஆள் குறைத்தோ வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருத்தி படித்தாலும் நல்லதுதான்.

நீயும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தானே. முள்ளுக்குறிச்சிப் பக்கம் அந்த ஜவ்வரிசி மில்லில் கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாய். விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போய் வருவாய், ஆனால் சிரித்துக்கொண்டுதான் வருவாய். ஒரு நாள் தோல் சீவுகிற மிஷின் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பொம்பளைகளை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மாப்பிள்ளை ரிக் லாரியோடு எந்த ஊரிலோ போர்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். நீ பிரியாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறி என்னிடம் வந்தாய். வந்த நாள் முதல் வீட்டில் எல்லா வேலையையும் செய்தாய். ஆனால் யாராவது "இப்ப என்ன பண்றே?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேங்க" என்பாய். விறகைத் தலையில் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்வாய். அந்தப் பேச்சு எனக்கு முள்ளாகக் குத்தும்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நாம் மிளகு கொண்டுபோன அன்று ஞாபகம் இருக்கிறதா. நுழைகிற இடத்தில் ஒரு அம்மா கையில் நோட்டீசுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். சனங்கள் சீட்டுக் கம்பெனி என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். உன் கையிலும் ஒன்றைத் திணித்து, "ஊட்டுல சும்மா இருக்கற பசங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ஐ.டி.ஐ.யில எடம் இருக்குது. ஃபீஸ் இல்லீங்க, பஸ் பாஸ் குடுக்கறோம், மாசாமாசம் கைச்செலவுக்குப் பணமும் வரும்" என்றார். நீ அதைப் படித்தாய். மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் படித்தாய். அப்புறம், "எனக்கு எடம் இருக்குங்களா?" என்று கேட்டாய். கேட்டது நீதானா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

"வயர்மேனுக்கு எட்டாவது போதும். பொம்பளைங்களுக்கு வயசு வரம்பும் கெடையாது."

நான்தான் குறுக்கே விழுந்தேன். "ஏனுங்க, இவ மவளே எட்டாவது படிக்கறாளுங்க." அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நல்லதாப் போச்சுங்க. ஊட்டுப் பாடத்துக்கு ஒரே விளக்கு போதும்." நீ சிரித்தாய். மலை ஏறி வந்ததில் இருந்து நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவர்தான் உன் வாத்தியாரம்மா என்று நீ சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. வாத்தியார் வேலை பார்க்கிறவர் சந்தையில் நின்று ஆள் தேடுகிறாரே என்று எனக்கு அப்போது ஆச்சரியம். இப்போது இல்லை. வேலை இல்லாதவர்கள் தாங்களாக அந்த வாசலுக்குப் போவதில்லை கண்ணு. அது நமக்கான இடம் இல்லை என்றே நினைத்துக்கொள்கிறோம். யாராவது நாம் மூட்டை இறக்குகிற இடத்துக்கே வந்து சொன்னால்தான் காதில் விழுகிறது.

நீ சேர்ந்தபோது ஊரில் என்னென்ன பேசினார்கள் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. கம்பத்தில் ஏறப் போகிறாளாம் என்றார்கள். பொம்பளை கரண்டு கம்பியைப் பிடித்தால் வீடு விளங்குமா என்றார்கள். அதையெல்லாம் நிறுத்தியவள் சின்னப்பொண்ணுதான். "இவ கரண்டு வேலை கத்துக்கிட்டா எம்மோட்டாருக்குக் கீழ இருந்து ஆள் கூப்பிட வேண்டியதில்லைல்ல. பேசறவங்க அவங்கவங்க மோட்டாரத் தலையில தூக்கிக்கிட்டு சேந்தமங்கலம் போங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. நீ விடிகாலை பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டால் நம் காட்டுக்கு யார் என்ற கேள்வி வந்தபோது, அவள் கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அவளே வந்து நின்றாள்.

மலரைப் படிக்கிற, மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்காக மாத்தாளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் களையெடுப்பு, அறுப்பு என்றால் கூலிக்கு ஆள் வைக்கிற வழக்கம் குறைவு. இன்றைக்கு உன் காட்டில் நான் வந்து குனிந்தால், இன்னொரு நாள் என் காட்டில் நீ வந்து குனியவேண்டும். அதுதான் மாத்தாள். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதும் இல்லை. வரவேண்டியவளுக்கு உடம்பு முடியாவிட்டால் அந்த வீட்டில் இருந்து இன்னொருத்தர் வருவார். மாமியார் வரலாம், புருசன் வரலாம், தங்கச்சி வரலாம். யார் வந்தாலும் அந்த வீட்டு ஆள் வந்தது என்றுதான் பேச்சு. நான் வயசுக்கு வந்த நாளில் இருந்து இந்த ஒரு சட்டத்தில் வாழ்ந்தவள். உலகம் முழுக்க இதே சட்டம்தான் என்று நினைத்திருந்தேன். அதனால் வந்ததுதான் அந்த வகுப்புக் கூத்து.

உன் இரண்டாவது வருசத்து ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. பஸ் இல்லை. உனக்கு அந்த நாளெல்லாம் வகுப்பு போனது. அதற்கு முன்பு பிரியாவுக்கு அம்மை போட்டு நீ வீட்டில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. ரோடு திறந்து நீ போனபோது வாத்தியாரம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு நாள்கூட விடக்கூடாது, வருகை குறைந்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினார். நீ வந்து என்னிடம் சொன்னபோது உன் குரலே மாறியிருந்தது. அந்த வாரமே காய்ச்சல் வந்து படுத்தாய். எழுந்து நிற்கப் பார்த்தாய், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நான் மாத்திரை கொடுத்துப் போர்த்திவிட்டேன். நீ கண் அசந்ததும் யோசித்தேன். ரொம்ப யோசிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு ஆள் வேண்டும், நம் வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. உன் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உன் டூல்ஸ் பையையும் சோற்றுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். பிரியாவிடம், "அம்மாவுக்குப் பொழுதோட கஞ்சி குடு, அம்மாயி போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினேன்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பையன்கள், யாரோ ஆபீசில் கூட்டிப் பெருக்க வந்த அம்மா, கால் வலிக்கு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். வாத்தியாரம்மா தலையைக் குனிந்துகொண்டே பேர் கூப்பிட்டார். உன் பேர் வந்தது. நான் எழுந்து நின்று, "வந்திருக்கேனுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சந்தையில பாத்தவங்கதானே? செல்வி அம்மா?"

"ஆமாங்க. அவளுக்குக் காய்ச்சலுங்க, எந்திரிக்க முடியல. அதான் மாத்தாள் நான் வந்திருக்கேன்."

வகுப்பே சிரித்தது. மணி என்று ஒரு பையன், உன் பக்கத்து மேசைக்காரன், எழுந்து நின்றான். "மேடம், நாளைக்கு எனக்கும் எங்க பாட்டிய அனுப்பட்டுங்களா?"

"அனுப்பு சாமி. உன்னவிட அவங்க ஒழுங்கா வருவாங்க. உக்காரு."

சிரிப்பு அடங்கினதும் அவர் என் பக்கத்தில் வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்தார். மலைப்பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற இடம், அவருக்கு மாத்தாள் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. "ஏனுங்கம்மா, காட்டுல யாரு களையெடுத்தாலும் களை போயிரும். அங்க ஊட்டுக்கு ஒரு ஆள் போதும். இங்க அப்படி இல்லீங்க. இது செல்வி கையில ஏற வேண்டிய வேலை. உங்க கையில ஏறினா அவளுக்கு என்னங்க ஆகும்?" என்று கேட்டார். நான் கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், இவ்வளவு தூரம் வந்து காரியம் ஆகவில்லையே என்றுதான் இருந்தது. அதை அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். "ஆஸ்பத்திரியில காட்டி சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. காய்ச்சல்னு சீட்டு இருந்தா மேல பேசி சரி பண்ணலாம். விட்ட பாடத்துக்குச் சனிக்கிழமை வரட்டும், நான் இருக்கேன்" என்றார். காய்ச்சலில் படுத்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மேலே ஏறுகிற பஸ்ஸுக்கு மத்தியானம் வரை நேரம் இருந்தது. வகுப்பிலேயே இருங்கள் என்றார், இருந்தேன். ஐந்தாவது முடித்தபோது பெஞ்சை விட்டு எழுந்தவள், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்குமேல் வகுப்பு இல்லாததால். மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தது உன் பேரில். அன்றைக்கு மாடிப்படி விளக்குப் பாடம் நடந்தது. பலகையில் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். கீழே போட்டால் எரிகிறது, மேலே தட்டினால் அணைகிறது, எங்கிருந்து வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நம் வீட்டுக்கு மாடி இல்லை. வாசலுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் நடுவே அப்படி ஒன்று போட்டுத் தரச் சொல்லி அப்புறம் உன்னை நச்சரித்தேனே, அது இங்கே பார்த்ததுதான். நீ போட்டும் கொடுத்தாய். இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்தால் காபி கொடுப்பதற்கு முன்னால் அதைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆனால் அன்று நான் பார்த்ததில் பெரியது அது இல்லை. வாத்தியாரம்மா மற்றவர்களைக் கம்பி இழுக்க விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக என்னைக் கூட்டிப் போனார். அங்கே பிள்ளைகள் செய்த பலகைகள் வரிசையாக மாட்டியிருந்தன. உன் பலகையும் இருந்தது. கம்பி ஒன்றும் கோணவில்லை. நம் வீட்டில் நீ சேலை மடித்து வைப்பாயே, அந்த மடிப்புத்தான் அது. யாரும் சொல்லாவிட்டாலும் உன்னுடையது என்று நான் கண்டுபிடித்திருப்பேன். மணி பக்கத்தில் வந்து, "அம்மாயி, அக்கா ஒரு நாள் வரலன்னா எங்க டேபிளே ஓடாதுங்க. நான் மொதல்ல ஃபியூஸ் போட்டப்ப அக்காதான் கூட நின்னாங்க" என்றான். அவனும் ஆறேழு இடத்தில் வேலை கேட்டு, ஒன்றும் நிற்காமல் வீட்டில் படுத்துக்கிடந்தவனாம். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவனுடைய சோற்றில் இருந்து பாதி முட்டையை எடுத்து என் பெட்டியில் வைத்தான். எனக்கு வயிறு நிறைந்ததற்கு முட்டை காரணமில்லை. வீட்டில் 'சும்மா இருக்கேங்க' என்று சொன்ன என் மகளுக்கு ஒரு மேசை இருக்கிறது, அவள் வராவிட்டால் அந்த மேசை தேடுகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு மலை ஏறினேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நீ என்னைத் திட்டினாய். திட்டிக்கொண்டே சிரித்தாய், காய்ச்சலோடு சிரித்து இருமல் வந்தது. சீட்டு வாங்கினோம், சனிக்கிழமைகளில் போனாய், பரீட்சைக்கு உட்கார்ந்தாய், பாஸானாய். ஆடி நோம்பி முடிந்த கையோடு பயிற்சி நிலையத்திலேயே கம்பெனிக்காரர்களை வரவழைத்து ஆள் எடுக்க வைத்தார்கள். அந்தக் குஞ்சுக் கம்பெனி ஆபீசர் உன்னைப் பார்த்து, "வயசு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதேம்மா" என்றாராமே. "கரண்டு வயசு கேட்டு அடிக்கறதில்லீங்க, ஜாக்கிரதையா இருக்கறவங்கள விட்டுருதுங்க" என்று நீ சொன்னாயாமே. இதை நீ என்னிடம் சொல்லவில்லை, வாத்தியாரம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அங்கே முட்டையை அடுக்கிச் சூடு கொடுக்கிற மிஷினில் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே போய்விடும், அதனால்தான் எந்நேரமும் வயர்மேன் வேண்டும் என்றும் அவர்தான் விளக்கினார். அடைக்கோழி பாதியில் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று நான் புரிந்துகொண்டேன். சரிதானே. மிஷின் வந்து உன்னை வீட்டுக்கு அனுப்பியது, இப்போது மிஷினைப் பார்த்துக்கொள்ள உன்னைக் கூப்பிடுகிறார்கள்.

இனி கொத்தைப் பற்றிப் பேசுகிறேன். இன்று காலை நீ தண்ணிக்குப் போயிருந்தபோது நான் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தை வைத்துக்கொண்டு சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"ஏக்கா, உம்மவ எங்களுக்கு வேலை செய்யாம ஓடப்போறாளாமே?"

"ஓடலடி, பஸ்ஸுல போறா."

"களைக்கு ஆளு வேணுமே."

"நான் வாரேன்."

"நீயா? நீ ஒரு பாத்தி எடுக்கறதுக்குள்ள நாங்க எடுத்து முடிச்சு டீ குடிச்சிட்டு வந்துருவோம்."

"குடிச்சிட்டு வாங்க. வரும்போது எனக்கும் கொண்டாங்க."

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, "அந்தப் புள்ள இதுக்காகவா நிக்கறா? நாங்க அவளக் கேக்கலியேக்கா. ஊட்டுக்கு ஒரு ஆள்தானே" என்றாள். முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "எம்மருமவளும் எட்டாவதுதான். ஊட்டுல உக்காந்து செல்போனத் தேச்சுக்கிட்டு இருக்கா. உங்க வாத்தியாரம்மாகிட்ட ஒரு பேச்சு சொல்லி வெய்யி" என்று சொன்னாள். மருமகள் படிக்கப் போனால் காட்டில் அவளுக்கு மாத்தாள் யார் என்று கேட்டேன். "ஏன், நீ உசுரோடதானே இருக்கே?" என்றாள். அப்படியாக எனக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலை இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். உன் முட்டி வலிக்கும்மா, என் பேரில் இருப்பதை நான்தான் தீர்க்கணும்மா என்பாய். நீ படிக்கிறபோதும் இதையே சொல்லித்தான் என்னைப் போக விடாமல் வைத்தாய். அவர்களும் நீ முடித்துவிட்டு வா, சேர்த்து வாங்கிக்கொள்கிறோம் என்று விட்டுக்கொடுத்தார்கள். இப்போது நான் சொல்வதைக் கேள். இது என் சொந்தப் புத்தி இல்லை, உன் வாத்தியாரம்மா எனக்கு நடத்திய பாடம். வகுப்பில் உனக்குப் பதில் நான் உட்கார முடியாது. கம்பெனியில் உனக்குப் பதில் நான் போய் நிற்க முடியாது, நின்றால் அத்தனை குஞ்சும் போய்விடும். களை அப்படி இல்லை. யார் பிடுங்கினாலும் வரும். உன்னால் மட்டும் ஆகிற வேலைக்கு நீ போ. யாராலும் ஆகிற வேலைக்கு நான் போகிறேன். முட்டி வலித்தால் வரப்பில் உட்காருவேன், சின்னப்பொண்ணு ரெண்டு வார்த்தை பேசுவாள், மறுபடி எழுந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது மனசு கேட்கவில்லை என்றால் நீயும் ஒரு பாத்தி எடு, யார் வேண்டாம் என்றது. மாப்பிள்ளையும் போனில் உன்னைப் பற்றித்தான் கேட்டார். "அவ போகட்டுங்கத்தை, தீபாவளிக்கு நான் வந்து மீதிக் காட்டுல நிக்கறேன்" என்றார். அவர் களையெடுத்து நான் பார்த்ததில்லை. பயிரைப் பிடுங்காமல் இருந்தால் சரி.

போகிற இடத்தில் சிலதை மட்டும் மனசில் வை. புரியாததை மறுபடி கேள், சந்தையில் கேட்டாயே அதே மாதிரி. அன்றைக்கு நீ கேட்காமல் நோட்டீசில் மிளகைப் பொட்டலம் கட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. ஆம்பளைகள் உன்னை ஏணி பிடிக்கச் சொல்வார்கள், பிடி. ஆனால் ஏறவேண்டியது உன் முறை என்றால் நீ ஏறு, அவர்கள் பிடிக்கட்டும். கரண்டு இல்லை என்று எவன் சொன்னாலும் நம்பாதே, டெஸ்டர் வைத்துப் பார். பசித்தால் சாப்பிடு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு என்று வீட்டில் இருக்கிற மாதிரி அங்கே இருக்காதே. யாராவது என்ன வேலை என்று கேட்டால் முழுசாகச் சொல், குரலை இறக்காதே. பிரியாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அவள் எனக்கு இங்கிலீசு எழுத்துச் சொல்லித் தருகிறாள், நான் மெதுவாக இருக்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறாள். எனக்கு அதில் ஒரு சந்தோசம். பேத்தி, மகள், நான், மூன்று பேருமே பாடம் படித்த வீடு இந்த ஊரில் வேறு இல்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். பெருமை பேசுகிறாள் கிழவி என்று சொல்கிறார்கள். பேசத்தான் செய்வேன்.

பையைப் பிரியாவும் நானும் அடுக்கிவிட்டோம். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் மேலேயே இருக்கிறது. புதுச் சேலை ஒன்று அடியில் இருக்கிறது, முதல் நாளுக்கு அல்ல, முதல் ஞாயிற்றுக்கிழமை நீ மலை ஏறி வரும்போது கட்டிக்கொண்டு வா. களைக்கொத்தை நான் எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் தீட்டியிருக்கிறாய்.

திங்கட்கிழமை விடிகாலை உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு அப்படியே சின்னப்பொண்ணு காட்டுக்குப் போவேன். அவள் வரப்பில் நின்று வந்த ஆளையெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். "செல்வி ஊட்டு ஆள் எங்க?" என்று கேட்பாள், தெரிந்துகொண்டே கேட்பாள். நான் கொத்தோடு நிமிர்ந்து நின்று, வந்திருக்கேன் என்று சொல்வேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பஸ்ஸுக்கு நேரத்தோடு எழுந்துகொள்.

உன் அம்மா